இரண்டு மதிப்பெண்

“அவனுக்கு முப்பத்து மூணு மார்க்கு போட்டது நான்தான், சாமி. அதுக்காக என்னைய மேடையில ஏத்தி அவனைப் பத்திப் பேசச் சொல்றது நல்லா இல்ல.”

பண்டிதர் திம்மையா இவ்வாறு சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீட்டில் கன்னடம் பேசும் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, அருப்புக்கோட்டையில் ஒரு கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் முப்பத்தோராண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர் அவர். எதிரே அமர்ந்திருந்த தலைமையாசிரியர் இஞ்ஞாசி சாமியார் பண்டிதரின் பாளையம்பட்டி வீடு வரை வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருந்தார். வெறுங்கையோடு திரும்பும் எண்ணம் அவருக்கு இல்லை.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்டுதோறும் சூசையப்பர் திருநாளன்று பழைய மாணவருள் சிறந்த ஒருவரை அழைத்துப் பாராட்டி, அவர் பெயரை மண்டபப் பலகையில் எழுதுவார்கள். பாராட்டுரையை எவர் வேண்டுமானாலும் வாசித்துவிட முடியாது. அம்மாணவரைத் தேர்வில் தவறவைத்த ஆசிரியரே வாசிக்க வேண்டும். தாம் அளித்த மதிப்பெண்ணை முதலில் சொல்லிவிட்டு, அதன் பிறகே மாணவரின் சாதனைகளுக்கு வரவேண்டும். புகழ் தலைக்கு ஏறாதிருப்பதற்காகப் பள்ளியைத் தொடங்கிய சாமியார் செய்த ஏற்பாடு அது. சென்ற ஆண்டு ஒரு ஜில்லா முன்சீப், கணக்கில் தாம் வாங்கியது பதினொன்று என்பதை ஊரறியக் கேட்டுக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

இந்த 1948ஆம் ஆண்டுக்கு டாக்டர் ரங்கராஜ் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். படித்த காலத்தில் அவரைத் தவறவைத்த ஆசிரியர் ஒரே ஒருவர்தான். ஐந்தாம் பாரத்தின், அதாவது பத்தாம் வகுப்பின், ஆண்டுத் தேர்வில், தமிழில், தேர்ச்சிக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது.

“டிரில் மாஸ்டர் செல்லப்பாண்டி வாசிக்கட்டுமே. அவருக்குத் தொண்டையும் பெருசு” என்றார் பண்டிதர்.

“செல்லப்பாண்டி அவரை ஃபெயிலாக்கலையே, ஐயா. நீங்க வரலைன்னா பலகையில ரங்கராஜ் பேரு ஏறாது.”

அது பண்டிதரைத் தைத்தது. ஆனாலும் அவர் இறங்கி வரவில்லை.

“நானே எந்திரிச்சு நின்னு அவன் பெருமையச் சொன்னா ஊரு சிரிக்கும், சாமி.”

“சிரிக்கட்டும். அதுக்குத்தானே இந்த வழக்கம்.”

மோர் கொண்டுவந்து வைத்த பண்டிதரின் மனைவி சௌடம்மாள், போகாமல் நின்றார். “அன்னைக்கே அந்த ரெண்டு மார்க்கப் போட்டிருந்தா இந்தச் சங்கடமே இல்ல. அப்ப இருந்த பெரிய சாமியாரே வந்து கேட்டுப் பாத்தாக. இவுக மசியல. அந்தப் பிள்ளைய ஒரு வருசம் சின்னப் பயலுகளோட ஒக்கார வச்சாக.”

“அவன் எழுதாததுக்கு நான் எப்படி மார்க்கு போடுறது?”

“பதினெட்டு வருசமா இதே பதிலுதான், சாமி” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

இந்தப் பேச்சில் பண்டிதருக்கு அந்த வீட்டில் ஆதரவு இல்லை என்பதைச் சாமியார் கண்டுகொண்டார். எனவே வேறு வழியில் வந்தார். புகழ வேண்டியதில்லை, நடந்ததை நடந்தபடி வாசித்தால் போதும், ஓர் அடைமொழிகூடச் சேர்க்க வேண்டாம் என்றார்.

பண்டிதர் மூக்குக்கண்ணாடியை மீண்டும் மாட்டிக்கொண்டார்.

“அடைமொழி வேணாம்னா வாரேன்.”

திருநாளன்று மண்டபம் நிறைந்திருந்தது. நரிக்குடிப் பக்கத்திலிருந்து ஏழெட்டு வண்டிகளில் ஆட்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஐந்தாம் பாரத்துப் பழைய பெஞ்சு ஒன்றைப் போட்டு, வழக்கப்படி டாக்டரை அதில் உட்கார வைத்திருந்தார்கள். முழங்கால்களை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பண்டிதர் எழுந்தார்.

“ஐந்தாம் பாரம். ஆண்டுத் தேர்வு. தமிழ். நூற்றுக்கு முப்பத்து மூன்று.”

மண்டபம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

பிறகு சாதனைகளுக்கு வந்தார். யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து கால்நடையாக வந்த அகதிகளுக்கு டாக்டர் எல்லை முகாமில் ஏழு மாதம் வைத்தியம் பார்த்ததைச் சொன்னார். சென்ற ஆண்டு நரிக்குடிப் பக்கம் காலரா பரவியபோது, மாட்டுவண்டியில் பன்னிரண்டு கிராமங்களுக்குப் போய் நாலாயிரத்து இருநூறு பேருக்கு ஊசி போட்டதைச் சொன்னார். பதினாறு நாளுக்குப் பின் அங்கே ஒரு சாவும் நிகழவில்லை என்று முடித்தார். சொன்னபடியே ஓர் அடைமொழியும் வரவில்லை. கடைசி வாக்கியத்தில் மட்டும் தாளைக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோனார். பின்வரிசையில் நரிக்குடிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள்.

வழக்கத்தின் இறுதிப் பகுதி எஞ்சியிருந்தது. பழைய மதிப்பெண்ணைத் திருத்த விருப்பமா என்று தலைமையாசிரியர் கேட்பார். திருத்துகிறேன் என்று ஆசிரியர் சொல்வார். இதுவரை எவரும் மறுத்ததில்லை. முன்சீப்பின் பதினொன்று ஒரே நொடியில் தொண்ணூறாகியிருந்தது.

சாமியார் கேட்டார். டாக்டர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“திருத்த வேண்டியதில்லை” என்றார் பண்டிதர். “முப்பத்து மூன்று சரியான மதிப்பெண். அதை வாங்கியவன் ஒரு பையன். இங்கே அமர்ந்திருப்பவர், அதன் பிறகு தம்மைத் தாமே ஆக்கிக்கொண்டவர். இவருக்கு மதிப்பெண் போடும் தகுதி எனக்கு இல்லை.”

பின்னர் எழுந்த கைதட்டல் ஓய்ந்து, பலகையில் பெயர் எழுதி முடித்து, கூட்டம் கலைய வெகுநேரமாயிற்று.

மண்டபப் படியில் டாக்டர் பண்டிதரின் கையைப் பற்றிக்கொண்டார். பள்ளி எல்லைக்குள் அவரை ‘ஐயா’ என்றன்றி வேறு சொல்லால் அழைத்தறியாதவர், இன்று முதன்முறையாக அந்த விதியை மீறினார்.

“பாத்து எறங்குங்க, அப்பா. ரெண்டு மார்க்கு இன்னைக்கும் போடலைன்னு அம்மாகிட்ட நீங்களே சொல்லிக்கங்க.”