மாதம் முழுக்கப் பச்சை

இவளைப் பட்டினி போட்டது நான்தான் என்று இன்னும் சற்று நேரத்தில் சுகந்தி டீச்சர் மனதுக்குள் சொல்லிக்கொள்ளப் போகிறாள். சமையல் வகுப்பில் மயங்கி விழுந்த பனிமலர் இப்போதுதான் கண் திறந்து, அவள் மடியில் படுத்திருந்தாள்.

அந்தப் பள்ளியில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் சாப்பாட்டு மேசையே தீர்ப்புச் சொல்லிவிடும். நல்ல உணவுக்குப் பச்சை விளக்கு, ஆகாததற்குச் சிவப்பு. பனிமலருக்கு இந்த மாதம் முழுக்கப் பச்சைதான்.

"இன்னிக்கு என்னடி சாப்பிட்ட?"

"ரெண்டு துண்டு வெள்ளரிக்கா டீச்சர். நேத்து நம்ம வகுப்புல மிஞ்சினது."

"அம்மா குடுத்து விட்டது?"

"பரோட்டா. வழியில நாய்க்குப் போட்டுட்டு, டப்பால மிஞ்சின காயை வச்சுக்கிட்டேன். தினமும் அப்படித்தான். அம்மாவுக்குக் கடையில மாவு பிசையற வேலை, அதைத்தான் கொண்டு வருவாங்க. நீங்கதான சொன்னீங்க, மைதா குடுக்குற அம்மாவுக்குப் பிள்ளை மேல அக்கறை இல்லைன்னு? சிவப்பு எரிஞ்சா எல்லாரும் எங்கம்மாவைப் பேசுவாங்க."

பாடம் மனதில் பதியட்டும் என்று சொன்ன வார்த்தை அது. சொல்லும்போது தன் குரல் தனக்கே பிடித்திருந்ததும் சுகந்திக்கு நினைவு வந்தது. குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

தலைமையாசிரியை கதவருகே வந்து நின்றாள். "எந்திரிச்சுட்டாளா? நல்லவேளை. முகம் கழுவி மேடைக்குக் கூட்டிட்டு வாங்க சுகந்தி. மாசம் முழுக்கப் பச்சை வாங்கினவ இவ ஒருத்திதான். மெடலை நீங்களே போட்டுவிடுங்க. உங்க பாடத்துக்குத்தானே பெருமை!"

பனிமலர் டீச்சரின் புடவையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சுகந்தி தன் டப்பாவிலிருந்த இட்லியைப் பிட்டு அவள் வாயில் வைத்தாள்.

"நான் போட மாட்டேன் மேடம்," என்றாள், நிமிராமலே.