எண்பத்திரண்டாம் வருஷத்துத் தண்ணீர்

“அந்த மனுஷன் இனிமே மன்றத்துக்கு வந்தா, நான் வரமாட்டேன்” என்றார் ரெங்கம்மாள்.

“நாங்களும்தான்” என்றது கேரம் போர்டைச் சுற்றியிருந்த கூட்டம்.

வலங்கைமான் மூத்தோர் மன்றத்தில் எதற்குமே எல்லோரும் ஒத்துப்போனதில்லை. ஃபேனை எந்த வேகத்தில் வைப்பது என்பதற்கே தினமும் கால் மணி நேரம் சண்டை நடக்கும். தங்கையன் விஷயத்தில் மட்டும் ஒரே குரல்.

மன்றத்தை நடத்தும் கனகாவுக்கும் கோபம்தான். முந்தின நாள் நடந்த காரியம் அப்படி.

ராஜராஜனின் மனைவி கமலவல்லி இறந்து இருபது நாள் ஆகிறது. காரியம் முடிந்து பிள்ளைகள் ஊர் திரும்பிவிட்டார்கள். ஒரு நாள் விடாமல் மன்றத்துக்கு வந்துகொண்டிருந்த மனிதர், வீட்டு வாசலைத் தாண்டவில்லை. சாப்பாடும் சரியில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

கனகாவுக்குப் பயம் வந்துவிட்டது. இப்படி வராமல் நின்றுபோன இரண்டு பேரை, இந்த வருஷமே மாலையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

அதனால்தான் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ராஜராஜன் வீட்டுக்குப் போனாள்.

“நல்லா ஓய்வெடுங்கய்யா. மன்றத்தைப் பத்தியெல்லாம் யோசிக்காதீங்க. மனசு சரியானப்புறம் பார்த்துக்கலாம்” என்றாள்.

ராஜராஜன் சுவரைப் பார்த்தபடி தலையாட்டினார்.

துக்க வீட்டில் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லக் கூடாதே. அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, எல்லோரும் சொல்லாமலேயே எழுந்தார்கள்.

தங்கையன் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பி நின்றார்.

“டேய் ராஜராஜா! எண்பத்திரண்டுல என் வயலுக்கு வந்த தண்ணியை, மடையை வெட்டி உன் வயலுக்குத் திருப்பினியே, ஞாபகம் இருக்கா? அதுக்கு இன்னும் நீ பதில் சொல்லலை. நாளைக்குப் பத்து மணிக்கு மன்றத்துக்கு வந்து சொல்லு. வரலைன்னா, திருடினது நீதான்னு போர்டுல எழுதிப் போட்டுருவேன்!”

இந்தப் பக்கத்தில் ஒருவனைப் பணம் திருடினவன் என்றால்கூடப் பொறுத்துக்கொள்வான். தண்ணீர் திருடினவன் என்றால் தாங்க மாட்டான். அதுவும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனிடம், அவன் வீட்டு வாசலிலேயே!

ரெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். கனகாதான் தங்கையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

அதை நினைக்க நினைக்க ஆறவில்லை அவளுக்கு. போனை எடுத்தாள்.

“தங்கையன் ஐயா, நீங்க இன்னையிலேருந்து மன்றத்துக்கு வர வேண்டாங்க. எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு.”



“சரிம்மா. ராஜராஜன் வந்தா மட்டும் எனக்கு ஒரு போன் போடு.”

“அவர் எப்படிங்க வருவாரு? இன்னமும் சண்டை போடணுமா உங்களுக்கு? உங்களுக்கெல்லாம் மனசே கிடையாதா?”

பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாசலில் ஆள் அரவம். ராஜராஜன்!

முகம் மழித்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கக்கத்தில் ஒரு மஞ்சள் பை.

“எங்க அந்தத் தங்கையன்?”

கனகா பதறிப்போய் ஓடினாள். “மன்னிச்சிடுங்கய்யா. அவரை வர வேண்டாம்னு சொல்லியாச்சு. நீங்க நிலப் பத்திரத்தையெல்லாம் பையில தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல...”

“வர வேண்டாம்னுட்டீங்களா?” அவர் முகம் வாடிப்போனது. “அப்ப நான் யாருகிட்ட பதில் சொல்றது? கூப்பிடும்மா அவனை!”

கனகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கூப்பிட்டாள்.

ஐந்தே நிமிஷத்தில் தங்கையனின் சைக்கிள் வந்து நின்றது. அடுத்த தெருவிலேயே காத்திருந்திருப்பார் போல.

ஆரம்பித்தது சண்டை.

“அந்த வருஷம் வாய்க்கால்ல தண்ணியே வரலைடா!”

“வந்துச்சு. ஆடி கடைசியில வந்துச்சு. உன் கண்ணு என் மடை மேலயே இருந்துச்சு!”

“மண்வெட்டியோட என்னைப் பார்த்தவன் யாரு? ஒரு ஆளைச் சொல்லு!”

கேரம் ஆடுவதை நிறுத்திவிட்டு எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நடுவில் சுண்டல் வந்தது. கத்திக்கொண்டே இரண்டு தொன்னை காலி செய்தார் ராஜராஜன். டீயும் குடித்தார். ஒரு மணி அடித்தும் வழக்கு தீரவில்லை.

“நாளைக்கு வா. மீதியைப் பேசிக்கலாம்” என்று சைக்கிளை எடுத்தார் தங்கையன்.

அவர் தலை மறைந்ததும் கனகா கேட்டுவிட்டாள்.

“ஏங்கய்யா, கையில பத்திரத்தை வச்சுக்கிட்டு ஏன் மூணு மணி நேரம் கத்துறீங்க? எடுத்துக் காட்டி அவர் வாயை அடைக்க வேண்டியதுதானே?”

ராஜராஜன் மஞ்சள் பையை விரித்துக் காட்டினார். உள்ளே ஒரு துண்டும் மத்தியான மாத்திரையும்தான் இருந்தன.

“எண்பத்திரண்டுல அவனுக்கு ஏதும்மா வயல்? அப்ப அவன் திருத்துறைப்பூண்டி ரைஸ்மில்லுல மூட்டை தூக்கிக்கிட்டு இருந்தான். நிலம் வாங்கினதே தொண்ணூத்தஞ்சுல. அந்தப் பத்திரத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே நான்தான்.”

“அப்ப அவர் சொன்னது பொய்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா?”

ராஜராஜன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும்தான்.

“துக்க வீடுன்னு நீங்கல்லாம் சொல்லிக்காமப் போயிட்டீங்க. அவன் ஒருத்தன்தாம்மா, ‘நாளைக்கு வாடா’ன்னு கூப்பிட்டான்.”