அகலக் கால்

"இந்த ஊர்ல கால் அகலமா இருக்கிறவனே கிடையாதா?" வனஜா தமிழில்தான் கேட்டாள். ஆனால் அவள் மேஜைமேல் வைத்த, பனியில் வழுக்கிப் போகும் ஹாக்கி ஸ்கேட் பூட்ஸ் எழுப்பிய சத்தத்திலேயே கடைக்காரருக்கு அர்த்தம் விளங்கியிருக்கும்.

மூன்றாவது சனிக்கிழமை, ஏழாவது கடை. அவளுடைய ஒன்பது வயது மகன் தியாகு நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க கடிக்குது? காட்டு."

"எல்லா இடத்துலயும்."

"குதிகால்ல?"

"அங்கயும்."

"முழங்கால்ல கடிக்கலையா?"

கடையிலிருந்ததிலேயே அகலமான ஜோடி அதுதான்.

முதல் கடையில் இருந்த பெண் அவன் காலைப் பார்த்து, வாத்துக் கால் என்று சிரித்தாள். இன்னொரு கடையில் ஒருவன், உங்கள் நாட்டுக் காலுக்கு இங்கே யாரும் ஸ்கேட் செய்வதில்லை என்றான். அந்த நேரத்தில் பதிலுக்குப் பேச வனஜாவுக்கு இங்கிலீஷ் வரவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் வந்தது.

கோபம் கடைக்காரர்களோடு நிற்கவில்லை. திருவாரூரில் இருக்கும் நாத்தனார் அம்புஜத்தின் மேலும் பாய்ந்தது. அறுபத்தெட்டில் மூன்று வயதுப் பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டுத்தான் வனஜாவும் அவள் புருஷன் உமாபதியும் டொராண்டோவுக்கு வந்தார்கள். ஒரு வருஷம் என்று சொன்னது ஆறு வருஷமாயிற்று. போன ஜூனில்தான் அவனை வரவழைத்துக்கொள்ள முடிந்தது. அத்தனை வருஷமும் செருப்பில்லாமல் ஓடவிட்டால் கால் பரந்துபோகாமல் என்ன செய்யும்?

அந்தக் கோபம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் யார்மேல் வந்து உட்காரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அதை அங்கேயே நிறுத்திவிடுவாள்.

வந்த நாளிலிருந்து தியாகு அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரெக்ஸ்டேல் அடுக்குமாடியில், ஜன்னலோரம் நின்றபடியே பொழுதைப் போக்கினான். கீழே பள்ளி மைதானத்துப் பனித்தரையில் கட்டடத்துப் பையன்கள் எல்லாரும் மட்டையோடு வழுக்கிக்கொண்டு போவார்கள். இவனும் ஒரு நாள் அவர்களோடு இறங்கி ஓடிவிட்டால் போதும், இது அவன் வீடாகிவிடும், தானும் அம்மாவாகிவிடலாம் என்று நம்பினாள். திங்கட்கிழமைக்குள் ஸ்கேட் இருந்தால்தான் பள்ளி ஹாக்கிக் குழுவில் பெயர் எழுதிக்கொள்வார்கள்.

நரைத்த மீசை வைத்த கடைக்காரர் கால் அளக்கும் இரும்புத் தட்டை எடுத்துவந்து அவன்முன் மண்டியிட்டார்.

"ஏறி நில்லுடா," என்றாள் வனஜா.

"திரும்பவுமா?"

"சொல்றேன்ல?"

தியாகு ஏறி நின்றான். தட்டில் நிற்கும்போதெல்லாம் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொள்வான். பயப்படுகிறான் என்று ஒவ்வொரு முறையும் வனஜாவுக்கு மனசு இளகும். இளகுவதும் எரிச்சலாகத்தான் வெளியே வரும்.

"நேரா நில்லேன். தூக்குலயா போடறாங்க?"

கடைக்காரர் அளவைப் பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார். தெருவில் பனி வாரும் வண்டி ஒன்று உறுமிக்கொண்டு போக, அதோ பார் என்று கையைக் காட்டினார். தியாகு எட்டிப் பார்த்து வாய் பிளந்தான். அந்த நொடியில் அவர் தட்டின் பக்கச் சட்டத்தை மெல்லத் தள்ளினார். அது இரண்டு கோடு உள்ளே போயிற்று.

அவர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து சாதாரண ஜோடி ஒன்றைக் கொண்டுவந்தார்.

வனஜாவுக்குச் சுருக்கென்று கோபம் தலைக்கேறியது. அகலமானது கேட்டால் ஒடுக்கமானதைக் கொண்டுவந்து நீட்டுகிறார், கிண்டல்தானே. இந்தத் தடவை அவள் பஸ் வரைக்கும் காத்திருக்கவில்லை. எங்கள் கால் உங்களுக்கெல்லாம் வேடிக்கையா, என் பிள்ளைக்கு இருப்பது மனுஷக் கால் இல்லையா என்று இங்கிலீஷிலேயே கேட்டாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் பையன் காலில் ஸ்கேட்டை மாட்டினார். பனி வண்டி போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்த தியாகு அதைக் கவனிக்கவில்லை. கயிற்றை இழுத்துக் கட்டி, குதிகாலுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. சொல்லிச் செய்ததுபோல் இருந்தது.

பிறகு, அவளுக்குப் புரிய வேண்டுமென்று, மெதுவாகச் சொன்னார். பையனுக்குக் கால் அகலமே இல்லை. அளக்கும்போது விரல்களை விரித்து வைத்துக்கொள்கிறான்.

வனஜா குனிந்து மகனைப் பார்த்தாள். இத்தனை கோபத்துக்கும் போக இடமில்லாமல் போயிற்று.

"விரலை விரிச்சியாடா?"

தியாகு ஸ்கேட்டையே பார்த்தபடி தலையை ஆட்டினான்.

"ஏழு கடையிலயுமா?"

"ம்."

"என்னைப் பைத்தியக்காரின்னு நெனச்சியா? மூணு வாரமா உன்னை இழுத்துக்கிட்டு ஊரெல்லாம் பேயா அலையறேன். கண்டவன்கிட்ட எல்லாம் பேச்சு வாங்கறேன். எதுக்குடா இப்படிச் செஞ்சே?"

அவன் நிமிர்ந்தான். அடி வாங்கப்போகிற பிள்ளையின் முகமாக இல்லை அது. நாளைக்கு லீவா என்று கேட்கிற பிள்ளையின் முகமாக இருந்தது.

"ஸ்கேட் விடத் தெரியாம இந்த ஊர்ல இருக்கவே முடியாதுன்னு அப்பா சொன்னாங்க," என்றான். "ஸ்கேட் கிடைக்கலேன்னா, என்னை அத்தைகிட்டயே அனுப்பிடுவீங்கல்ல?"