வாசலில் கட்டிய நாய்

வாக்காளர் பட்டியலில் வெண்டிக்குப் பெயரும் முகவரியும் கிடையாது, வெறும் எண்தான். முன்னாள் கணவன் தேடிக் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று, காவல் அதிகாரியிடம் அலைந்து கையெழுத்து வாங்கிச் செய்த ஏற்பாடு. ஓட்டுப் போடும் உரிமையையும் அவனுக்குப் பயந்து விட்டுவிட அவள் தயாராயில்லை.

ஹாலிஃபாக்ஸ் தேவாலயக் கூடத்தில் தேர்தல் அலுவலர் மேரியன் குரலைத் தாழ்த்தினாள். “பேரைச் சொல்லிடாத கண்ணு, அட்டையைக் காட்டு போதும்.”

வெண்டி நிதானமாகக் குறியிட்டுச் சீட்டைப் பெட்டியில் போட்டாள்.

“வாசல்ல கட்டியிருக்கியே, அந்தக் கறுப்பு நாய் நல்ல காவக்காரன்தான்” என்று சிரித்தாள் மேரியன். “கழுத்துல பாம்பு பச்சை குத்தின ஆளு ஒருத்தன் உள்ள வரப் பாத்தான். நாயைப் பாத்ததும் மூஞ்சி வெளிறி ஓடியே போயிட்டான்.”

அந்தக் கழுத்தை வெண்டி அறிவாள்.

“நான் நாய் எதுவும் கூட்டிட்டு வரலியே.”

“அப்ப அது ஏன் உன்னையே பாத்துட்டு நிக்குது?”

வாசல் கம்பியில் பெப்பர் கட்டப்பட்டிருந்தது. அவன் அடித்துக் கொன்ற மறுநாள், ஹல் நகரத்து வீட்டுத் தோட்டத்தில் அவளே புதைத்த நாய். காதோரம் ஈரமண் ஒட்டியிருந்தது. வாலை ஆட்டியது.

வெண்டி கயிற்றை அவிழ்த்தாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து சந்துகள் வழியாகத்தான் வீடு திரும்புவாள். இன்று கயிறு கையை இழுக்க, கடைவீதியின் நடுவே நிமிர்ந்து நடந்தாள்.