இன்னொரு போனில் ஓடும் பாட்டு

தோசை மாவு ஒட்டிய போனைத் துடைக்கப்போய், ஒரு பாட்டை ஓடவிட்டுவிட்டேன். மாதச் சந்தா கட்டிக் கேட்கும் எங்கள் கணக்கில் ஒரு நேரத்தில் ஒரு போன்தான் பாடும். நான் இங்கே தொட்டால் அங்கே என் மனைவி மங்கைக்குப் பாதியில் நின்றுவிடும். அவள் என்னை விட்டுப் போன பிறகும் நான் சந்தாவை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் ஆசையாக இறக்கி வைத்திருக்கும் பாட்டெல்லாம் அன்றைக்கே ஊமையாகிவிடுமே. அதனால் பாட்டு கேட்பதை நான் நிறுத்திக்கொண்டேன். அவள் போனில் என்ன ஓடுகிறது என்று என் திரையில் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதோடு சரி. காலையில் பக்திப் பாட்டு ஓடினால் அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கிறது என்று நினைப்பேன். மழைநாளில் சோகப் பாட்டு ஓடினால், என்னைத்தான் நினைக்கிறாள் என்று நானும் உட்கார்ந்து அழுவேன். காதில் விழாத பாட்டுக்கு அழுத ஒரே ரசிகன் நானாகத்தான் இருப்பேன்.

பேச ஒரு சாக்குக் கிடைத்ததே என்று அவளைக் கூப்பிட்டேன்.

"பாட்ட நடுவுல நிறுத்திட்டேன், கோவிச்சுக்காத மங்கை."

"எந்தப் பாட்டுங்க?"

"உன் போன்ல இப்ப ஓடுச்சே, அது. நேத்து மழையிலகூட அதையேதான திரும்பத் திரும்பக் கேட்ட?"



"சிம்ம மட்டும் கழட்டிக்கிட்டு, அந்தப் போன இங்க வந்த மாசமே ஆட்டோ ஓட்டற ஸ்டான்லிக்குக் குடுத்துட்டேங்க. நான் பாட்டே கேக்கறதில்ல."