கோடைக்கு ஒரே ஓர் இடம்

"இதை அளந்ததுன்னு சொன்னா அளவுகோலே அழும்" என்றார் பேராசிரியர், மஞ்சள் அட்டை கட்டிய சாவியை ஆள்காட்டி விரலில் சுழற்றியபடி. எதிரே நின்ற மாணவியின் தாளை, நனைந்த கரித்துணியைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

கோடை விடுமுறையில் இரண்டு மாதம் அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்க்க, இயற்பியல் இளங்கலை மாணவர்களில் ஒருவருக்கு மட்டும் இடம் உண்டு. முடித்தால் அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் கிடைக்கும். அதைக் காட்டினால் மேற்படிப்புக்கு எந்தக் கதவும் திறக்கும். அதனால்தான் முதுகுக்குப் பின்னால் அவரைப் 'பூஜ்யம்' என்று அழைத்தவர்கள்கூட முன்னால் வந்தால் முதுகை வளைத்தார்கள்.

அவள் பத்து இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். ஒன்பது இடங்களிலிருந்து 'வருந்துகிறோம்' வந்தாயிற்று. இதுவும் கைநழுவினால் படிப்பு போதும், சித்தப்பாவின் மருந்துக் கடையில் போய் உட்கார் என்று, பஸ் டெப்போவில் டயர் மாற்றும் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

தேர்வு ஒன்றும் பிரமாதமில்லை. பக்கத்து அறையில் ஓர் ஈயக் குடுவை. அதற்குள் மிளகளவு கதிரியக்கப் பொருள். குடுவையின் துளைக்கு எதிரே, வரும் கதிர்களை எண்ணும் கருவி. நடுவில் அலுமினியத் தகடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்று எழுத வேண்டும்.

குடுவையை மாணவர்கள் திறக்கக் கூடாது. ஆய்வக உதவியாளர்தான் காலையில் இரும்பு அலமாரியிலிருந்து பொருளை எடுத்து உள்ளே வைப்பார், மாலையில் திரும்ப எடுத்துப் பூட்டுவார். இன்று மாணவர்கள் வந்தபின் இரண்டு அறைக்குள்ளும் அவர் கால் வைக்கக் கூடாதென்று பேராசிரியரின் உத்தரவு. இருபத்தாறு வருஷமாக அங்கேயே இருப்பவர், விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுவாராம்.

தேர்வுக்கு வந்த ஐந்து பேரில் நான்கு பேருடைய தாள்களும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. சறுக்குமரம் போல வழவழவென்று இறங்கும் வளைகோடு, கடைசியில் பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே விடை. இவள் தாளில் மட்டும் இருபத்தொன்று, பத்தொன்பது, இருபத்திரண்டு, இருபது என்று எண்கள் இருந்த இடத்திலேயே நொண்டிக்கொண்டிருந்தன.

"ஒரு தகடு வச்சாலும் இருபது, பத்துத் தகடு வச்சாலும் இருபது. காத்தை அளந்தியாம்மா?"

"மூணு தடவை எடுத்தேன் சார். வந்ததைத்தான் எழுதியிருக்கேன். கருவியில ஏதாவது..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் பேராசிரியர். சுவரோரம் உட்கார்ந்திருந்த நால்வரும் ஒரே தாளத்தில் சிரித்தார்கள். கேட்டிருந்தால் உங்களுக்கும் கை பரபரத்திருக்கும்.

அவர் தன் குறிப்பேட்டைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். காலை எட்டு மணிக்குத் தானே ஒரு முறை அளந்து பார்த்ததாகவும், அந்த நால்வருக்கும் வந்த விடைதான் தனக்கும் வந்ததாகவும் சொன்னார். கருவி இவளை மட்டும் பார்த்துப் பயந்து போய்விட்டதா என்று கேட்டார். சிரிப்பு இரண்டாவது சுற்றுப் போனது.

அப்போது கதவு திறந்து உதவியாளரின் தலை நீண்டது. காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

"உள்ள வராதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று பேராசிரியர் ஈ ஓட்டுவது போலக் கையை ஆட்டினார். பேச வாயெடுத்த தலை, பேசாமலே வெளியே போயிற்று.

அந்த ஓர் இடம், நால்வரில் ஒருவனான ஒரு கல்லூரி முதல்வரின் மகனுக்குப் போனது. படிய வாரிய தலையும் அதைவிடப் படிந்த வளைகோடுமாக இருந்தான். அளக்கிற கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பேராசிரியர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். இயற்பியல் எல்லாருக்கும் வராது, கடை கண்ணியில் உட்காரவும் ஆள் வேண்டுமே என்று அவளுக்கும் ஒரு புத்திமதி சொல்லி, அவள் தாளைக் குப்பைக் கூடையில் போட்டார்.

அவள் அழவில்லை. குனிந்து தாளை எடுத்தாள், நீவி நாலாக மடித்தாள், பையில் வைத்துக்கொண்டாள். அப்பாவிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்தபடியே வாசலுக்கு நடந்தாள்.

அவள் கதவைத் திறந்தாள். உதவியாளர் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"இப்ப வா. எல்லாம் முடிஞ்சாச்சு" என்றார் பேராசிரியர் தாராளமாக. "அந்தப் பொருளை எடுத்துப் பத்திரமா அலமாரியில வச்சுப் பூட்டிடு."

உதவியாளர் நகரவில்லை. பேராசிரியரின் விரலில் சுழன்றுகொண்டிருந்த மஞ்சள் அட்டையையே பார்த்தார்.

"எதை சார் எடுத்து வைக்கிறது? காலையில குடுவையில நான் எதையும் வைக்கவே இல்லையே. அலமாரிச் சாவி நேத்து சாயங்காலத்திலேருந்து உங்க கையிலதானே சுத்திட்டிருக்கு."