மஞ்சள் இல்லை

"மஞ்சா இல்ல பச்சமுத்து" என்றார் மளிகைக் கடை அஹமது பாட்சா. அவர் முழங்காலை இடித்துக்கொண்டு ஒரு மூட்டை மஞ்சள் வாயைத் திறந்தபடி நின்றது.

பச்சமுத்து மூட்டையைப் பார்த்தார். பாட்சாவைப் பார்த்தார். "அப்போ இது இன்னா பாய்?"

"மஞ்சாதான். கொயம்புக்குன்னா சொல்லு, இப்பவே கட்டித் தரேன். கண்ணாலத்துக்குன்னா கெடையாது."

பச்சமுத்துவுக்குச் சுருக்கென்றது. கல்யாணம் என்று அவர் இன்னும் வாயே திறக்கவில்லை. மகள் சசிரேகாவைப் பெருநகர் கிராமத்தில் இருக்கும் தன் அக்கா மகனுக்குக் கொடுப்பதாக வீட்டுக்குள் பேசி முடித்ததோடு சரி. ஊரில் ஒருத்தருக்கும் மூச்சு விடவில்லை.

உத்திரமேரூர் பக்கம் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் முதல் மஞ்சளை பாய் கையால் வாங்கினால்தான் திருப்தி. அவ்வளவு கைராசி! அந்த மஞ்சள் வந்தால்தான் பந்தக்கால் என்று அக்காவும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

மாசியில் முகூர்த்தம், பங்குனியில் சசிரேகாவுக்குப் பத்தாவது பரீட்சை. கழுத்தில் தாலி ஏறிய பிறகு பரீட்சையாவது ஒன்றாவது.

"கண்ணாலத்துக்குத் தர மாட்டேன்னு சொல்ல நீ யாரு பாய்? துட்ட நீட்டினா பொருள நீட்டறதுதான உன் வேல?"

"நீட்ட மாட்டேன். இன்னா பண்ணுவ?" பாட்சா கல்லாப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பச்சமுத்துவுக்குப் பின்னால் அவர் மனைவி கோவிந்தம்மாள் காலிப் பையோடு நின்றிருந்தாள். விடிந்ததும் இதே கடைத்தெரு முழுக்க வாடிக்கைப் பால் ஊற்றிவிட்டுப் போனவள், திரும்பவும் புருஷனோடு நடந்து வந்திருக்கிறாள். முகத்தில் அலுப்பு அப்பியிருந்தது.

"வாமே! ஊர்ல இவரு ஒத்தருதான் கடை வெச்சிக்கினு கீறாரா?" என்று அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினார் பச்சமுத்து.

பாத்திரக் கடை பாண்டுரங்கன், "அண்டா ஸ்டாக் இல்ல" என்றார். சொல்லும்போதே அவர் தலை மேலே தொங்கிய அண்டாவில் நெற்றியை இடித்துக்கொண்டார். ஜவுளிக் கடையிலோ, முகூர்த்தப் புடவை என்றதும் பாதி விரித்த புடவையைச் சுருட்டி உள்ளே வைத்தார்கள். பச்சமுத்துவுக்கு அவமானத்தில் காதெல்லாம் சூடாகிவிட்டது.

மைக் செட் கோபால் மட்டும்தான் விஷயத்தைக் கக்கினார்.

"நேத்து சங்கத்துல முடிவு பண்ணிட்டோம்ணே. பத்தாவது பொண்ணுங்க பரீட்ச எயுதி முடிக்கிற வரைக்கும் அவங்க கண்ணாலத்துக்கு ஒரு குண்டூசிகூட எந்தக் கடையிலயும் கெடைக்காது."

"யார் வந்து உங்ககிட்ட வத்தி வெச்சது?"

"அத மட்டும் கேக்காதண்ணே. சத்தியம் பண்ணிக் குடுத்துட்டோம்."

பச்சமுத்துவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. வியாபாரிகள் சங்கம் இந்த வருஷம் பெண்கள் பள்ளிக்கூடத்தோடு கை கோத்திருந்தது. சாயங்கால வகுப்புக்குப் பாட்சா கடைச் சுண்டல், கோபால் போட்டுக் கொடுத்த ட்யூப் லைட். "ஒரு பொண்ணுகூட பரீட்சைக்கு வராம போகக் கூடாது" என்று தலைமையாசிரியை தேவகி மேடையில் கேட்க, கடைக்காரர்கள் மொத்தமும் கையைத் தூக்கி ஒத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் நம் பச்சமுத்துதான். ஊரார் வீட்டுப் பெண்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

"எல்லாம் அந்த டீச்சர் வேல! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம வுட மாட்டேன்!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் பாய்ந்தார். கோவிந்தம்மாள் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வந்தாள்.

சாயங்கால வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சசிரேகா கரும்பலகையில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் சாக்பீஸ் அப்படியே நின்றுவிட்டது.

"எம் பொண்ணு கண்ணாலத்த நிறுத்த நீ யாரு டீச்சரே? கடக்காரங்கள தூண்டி வுட்டுட்டு இங்க குந்திக்கினு வேடிக்க பாக்கறியா?"

தேவகி திகைத்துப் போய் எழுந்தார். "கல்யாணமா? சசிரேகாவுக்கா?" சசிரேகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஐயோ, எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா கடைக்காரங்ககிட்ட எதுக்குப் போறேன்? நேரா உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்திருப்பேன். இப்ப மட்டும் என்ன, நாளைக்கே வரேன்!"

"நடிக்காத! ஊட்டுக்குள்ள பேசினது உனக்குத் தெரியாம கடத்தெருவுக்கு எப்டி போச்சி? நா காஞ்சிபுரம் போயி எல்லாத்தயும் வாங்கியாறேன். அக்கா கால்ல வியுந்தாச்சும் ஒத்துக்க வெக்கறேன். ஏய் சசி, பைய எடு, கெளம்பு!"

சசிரேகா நகரவில்லை. பச்சமுத்து அவள் கையைப் பிடிக்கப் போனார்.

கோவிந்தம்மாள் காலிப் பையைத் தரையில் போட்டாள். குறுக்கே வந்து மகளை மறைத்து நின்றாள். இருபது வருஷக் குடித்தனத்தில் ஒரு நாளும் புருஷனை எதிர்த்துப் பேசாதவள், அன்றைக்கு அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அந்தம்மாவ ஏன்யா வையற? கட கடயா ஏறிச் சொன்னவ நான்."